பழைய மதிலும் புதிய பட்டறையும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. உடம்பைப் பேணாதவன் எதையும் சாதிக்க இயலாது என்பதற்கு அதை எடுத்துக்காட்டுவார்கள். இன்று அப்பழமொழியை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டு, சுவரைப் பற்றியே சிறிது நேரம் பேச விரும்புகிறேன். சித்திரம் எழுதச் சுவர் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் சித்திரத்துக்கு எடை இல்லை. கூரைக்கு எடை உண்டு. காற்று வீசினால் சித்திரம் அசையாது, கூரை அசையும். சித்திரத்தைத் தாங்கிய சுவர் கூரையையும் தாங்கும் என்று எண்ணுவதால் விளையும் தீங்கு யாது, அத்தீங்கின்றி அச்சுவரின் பயனை நாம் பெறுவது எவ்வாறு என்பனவே இப்பேச்சின் பொருள்.

கும்பகோணம், காஞ்சிபுரம் போன்ற பழைய ஊர்களில் தெருவிலிருந்து பின்சந்து வரையில் நீண்டு கிடக்கும் மனைகளை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். முன்னே திண்ணை, நடுவே முற்றம், பின்னே கிணறும் மாட்டுக்கொட்டிலும் அமைந்த கொல்லை. கொல்லையைச் சுற்றிச் செங்கல் மதில். பல வீடுகளில் இன்று மாடுகள் இல்லை. கொட்டில் என்றோ விழுந்துவிட்டது. மதில் மட்டும் நிற்கிறது. அவ்வீட்டில் தச்சு வேலையோ, கடைசல் வேலையோ, புத்தகம் கட்டும் வேலையோ, மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வேலையோ தெரிந்த ஒருவர் இருக்கிறார். கடைத்தெருவில் இடம் பிடித்தால் வருவாயில் பெரும் பகுதி வாடகைக்கே போய்விடும். கொல்லை மூலையிலோ இரண்டு பக்கம் மதில் ஆயத்தமாக நிற்கிறது. இன்னும் இரண்டு பக்கம் அடைத்து மேலே கூரை போட்டால் பட்டறை ஆகிவிடும் என்று அவருக்குத் தோன்றுவது இயல்பே. அவ்வெண்ணத்தை நான் குறை கூறமாட்டேன். கைத்தொழில் வீட்டோடு இருப்பது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். அதை நிறைவேற்றும் முறையில்தான் கவனம் வேண்டும்.

வழக்கமான முறை யாது? மதிலில் சாய்ப்பு இறக்குதல் என்று அதைச் சொல்வார்கள். மதிலின் மேற்பகுதியில் இரண்டடிக்கு ஒன்றாகத் துளை கொத்தி, கைமரங்களின் தலையை அத்துளைகளில் செருகி, மறு முனையை முன்பக்கத்துக் கால்களின்மீது வைத்து, மேலே தகரம் வேய்ந்துவிடுவார்கள். இரண்டு நாள் வேலை, செலவும் குறைவு. முதல் மழையில் ஒழுகாவிட்டால் வேலை செம்மையாக முடிந்தது என்று மகிழ்ச்சியும் உண்டாகும். ஆனால் அம்மதில் எதற்காகக் கட்டப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. எல்லையைக் காட்டவும், ஆடு மாடுகளைத் தடுக்கவும், கிணற்றடியை மறைக்கவும் கட்டிய மதில் அது. தன்னைத் தானே தாங்குவதற்கு மேல் வேறு வேலை அதற்கு வைக்கப்படவில்லை.

மதில் விழுவது சிறு செய்தி அன்று. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் விடியற்காலையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், கனமழையில் உயர்ந்த சுற்றுச்சுவர் ஒன்று இடிந்து, அதன் அருகிலிருந்த வீடுகளின்மேல் விழுந்தது. உறக்கத்திலிருந்த 17 பேர் உயிர் இழந்தனர். அங்கே சுவர் வீடுகளின்மேல் விழுந்தது. நாம் பேசும் பட்டறையிலோ, மனிதர் தாமாகவே சுவரின் அடியில் போய் அமர்ந்து, நாள்தோறும் எட்டு மணி நேரம் வேலை செய்யப் போகிறார். ஆகையால் செங்கல்லையும் சுண்ணாம்பையும் பற்றிய இப்பேச்சு, உண்மையில் மனித உயிரைப் பற்றிய பேச்சு.

தனியாக நிற்கும் மதில் எவ்வாறு நிற்கிறது என்பதை முதலில் காண்போம். ஒன்பது அங்குலத் தடிப்பும் 2 மீட்டர் உயரமும் உள்ள மதிலில், ஒரு மீட்டர் நீளத்தை எடுத்துக்கொண்டால் அதன் எடை ஏறத்தாழ 880 கிலோ. இது பெரிய எடையாகத் தோன்றும். ஆனால் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது, மதில் தன் அடியின் ஓர் ஓரத்தை அச்சாகக் கொண்டு சாய முயல்கிறது. அப்போது எடை எதிர்த்து நிற்கும் நெம்புகோலின் நீளம் தடிப்பில் பாதி, அதாவது நாலரை அங்குலமே. காற்றுக்கோ மதிலின் பாதி உயரமாகிய ஒரு மீட்டர் நீளமுள்ள நெம்புகோல் கிடைக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால், சாந்தின் பிடிப்பை விட்டுவிட்டால், சதுர மீட்டருக்கு 50 கிலோ அழுத்தம் அம்மதிலைக் கவிழ்க்கப் போதும். மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று அந்த அழுத்தத்தைத் தந்துவிடும்.

தடிப்பு பாதியாகி நாலரை அங்குலமானால், தாங்கும் ஆற்றலும் பாதியாகும் என்று எண்ணலாம். அவ்வாறன்று. எடையும் பாதியாகிறது, நெம்புகோலும் பாதியாகிறது. ஆகவே தாங்கும் அழுத்தம் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. சென்னையில் கட்டடங்களை வடிவமைப்போர் கொள்ள வேண்டிய அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் என்று இந்தியத் தரநிலை 875-இன் மூன்றாம் பகுதி குறிக்கிறது. நம் கொல்லை மதில்கள் இக்கணக்கை அறிந்து கட்டப்பட்டவை அல்ல.

அவ்வாறாயின் அவை இத்தனை ஆண்டுகள் எவ்வாறு நின்றன என்று கேட்பீர்கள். சாந்தின் பிடிப்பு ஓரளவு உதவுகிறது. சுற்றியுள்ள வீடுகளும் மரங்களும் காற்றைத் தடுக்கின்றன. பத்தடிக்கு ஒன்றாக நிற்கும் தூண்கள் முட்டுக்கொடுக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, மூலைகள் தாங்குகின்றன. ஒரு காகிதத்தை மேசைமேல் செங்குத்தாக நிறுத்தினால் விழுந்துவிடும். நடுவில் மடித்து நிறுத்தினால் நிற்கும். இங்கிலாந்தில் சபோக் பகுதியிலும், அமெரிக்காவில் தாமஸ் ஜெபர்சன் நிறுவிய வர்ஜீனியா பல்கலைக் கழகத்திலும், பாம்பு போல வளைந்து வளைந்து செல்லும் தோட்டச் சுவர்கள் உண்டு. அவை ஒற்றை வரிசைச் செங்கல்லால் ஆனவை, வளைவினாலேயே நிற்கின்றன. ஆகவே பட்டறைக்கு இடம் தேர்வோர் நீண்ட மதிலின் நடுப்பகுதியை விட்டு, இரு மதில்கள் கூடும் மூலையைத் தேர்வது நன்று. அம்மூலையில் செங்கற்கள் ஒன்றோடொன்று கோத்துக் கட்டப்பட்டிருக்கின்றனவா, அல்லது ஒரு மதில் மற்றதன்மேல் வெறுமனே ஒட்டி நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒட்டி நிற்கும் மூலையில் மேலிருந்து கீழாக நேர்கோட்டில் ஒரு பிளவு தெரியும்.

இனி, சாய்ப்பு அம்மதிலுக்குச் செய்வது என்ன என்பதைக் காண்போம். அது செய்யும் தீங்குகள் மூன்று. முதலாவது, தள்ளுதல். ஏணியைச் சுவரில் சாய்த்தால் ஏணியின் தலை சுவரைத் தள்ளுகிறது அன்றோ? சரிவான கைமரத்தைப் படிவெட்டிச் சமமாக உட்கார வைக்காமல் சாய்த்துச் செருகினால், அதுவும் அவ்வாறே தள்ளும். இரண்டாவது, துளைகள். ஒன்பது அங்குல மதிலில் நாலு அங்குல ஆழத்துக்குக் கொத்தினால், அவ்விடங்களில் மதிலின் தடிப்பு ஏறத்தாழப் பாதியாகிறது. அதுவும் ஒரே உயரத்தில், ஒரே வரிசையில். தாளைக் கிழிப்பதற்கு முன் துளையிடுவது போன்றது இது. மூன்றாவது, தூக்குதல். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட தகரக் கூரையின் பரப்பு ஏறத்தாழ 11 சதுர மீட்டர். அதன் தகடுகளின் எடை நூறு கிலோகூட இராது. புயற்காற்று அதைத் தூக்கும் விசையோ ஆயிரம் கிலோவையும் தாண்டக்கூடும். அவ்வேளையில் மதிலின் உச்சியில் செருகிய கைமரங்கள் மேல்வரிசைச் செங்கற்களைப் பெயர்த்துக்கொண்டு எழும்.

மேல்நாட்டில் பழைய தோட்டச் சுவர்களை ஒட்டிக் கட்டடங்கள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். இங்கிலாந்தின் பெரிய மாளிகைகளின் காய்கனித் தோட்டங்களில், உயர்ந்த செங்கற் சுவரின் தென்புறத்தில் கண்ணாடி வீடும், வடபுறத்தில் தோட்டக்காரரின் கருவிச்சாலையும் அமைந்திருக்கும். ஆனால் அச்சுவர்கள் தடிப்பானவை, அவ்வேலைக்கென்றே எழுப்பப்பட்டவை. சில சுவர்களின் உள்ளே கனல்காற்றுச் செல்வதற்கு வழிகூட விட்டுக் கட்டினார்கள். அவற்றைப் பார்த்து நம் கொல்லை மதிலின்மேல் பாரம் ஏற்றுவது பொருந்தாது.

ஆகவே நாம் கொள்ள வேண்டிய முறை ஒன்றே. பட்டறை தன் சொந்தக் கால்களில் நிற்க வேண்டும். மதில் நிழலைத் தரட்டும், மறைப்பைத் தரட்டும், சாரலைத் தடுக்கட்டும். பாரத்தை மட்டும் அதன்மேல் வைக்கலாகாது. இதை மறவாதிருந்தால், மற்றவை எல்லாம் எளிதாகத் தெளியும்.

வேலை தொடங்குமுன் மதிலை ஆராய வேண்டும். இதற்குப் பெரிய கருவிகள் வேண்டா. கொத்தனாரின் தூக்குக்குண்டும் ஓர் அளவுகோலும் போதும். மதிலின் உச்சியில் ஒரு சட்டத்தை நீட்டிவைத்து, அதிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை மேலும் நடுவிலும் கீழும் அளக்க வேண்டும். ஒன்பது அங்குல மதில் உச்சியில் மூன்று அங்குலம் சாய்ந்திருந்தால், அதன் எடை விழும் கோடு அடியின் நடுவிலிருந்து ஒன்றரை அங்குலம் விலகிவிடுகிறது. அதற்கு மேல் சாய்ந்தால், சாய்வுக்கு எதிர்ப்புறத்து ஓரத்தில் செங்கற்களின்மேல் அழுத்தமே இல்லாமல் போய், இணைப்பு வாய் பிளக்கத் தொடங்கும். அத்தகைய மதிலின் அருகே பட்டறை கூடாது. நடு அளவு மட்டும் மாறுபட்டால், மதில் வயிறு தள்ளியிருக்கிறது என்று பொருள். அதுவும் தீய குறியே. இணைப்புகளில் அரசும் ஆலும் முளைத்திருக்கின்றனவா, உச்சியில் செங்கற்கள் ஆடுகின்றனவா என்பவற்றையும் பார்க்க வேண்டும். செடியை வெறுமனே வெட்டினால் மீண்டும் தளிர்க்கும்; வேரோடு எடுத்து அந்த இடத்தை மூட வேண்டும்.

மேலே பார்த்தது போதாது. கீழேயும் பார்க்க வேண்டும். மதிலின் ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் இரண்டடிச் சதுரமாக ஒரு சிறு குழி தோண்டி, கடைக்கால் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்பதை அறிய வேண்டும். பழைய மதில்களில் கடைக்கால் ஓரடி ஆழத்தோடு நின்றுவிடுவது அரிதன்று. கரிசல் மண்ணாக இருந்தால், மழையில் உப்பியும் கோடையில் வெடித்தும் அது மதிலை ஆண்டுதோறும் அசைக்கும். அன்றியும், மதிலுக்கு அப்புறம் உள்ள நிலம் நம் நிலத்தைவிட உயர்ந்ததா என்று பார்ப்பது இன்றியமையாதது. உயர்ந்ததாயின், அம்மதில் எல்லைச் சுவராக மட்டும் இல்லை. மண்ணைத் தாங்கும் சுவராகவும் இருக்கிறது. மழையில் ஊறிய மண் அதைத் தள்ளும். நீர் கசிந்து வெளியேற அடியில் துளைகள் இல்லாவிட்டால் அத்தள்ளுதல் இன்னும் மிகும். இத்தகைய இடத்தில் பொறியாளர் ஒருவரின் கருத்தைக் கேளாமல் எதுவும் செய்தல் கூடாது.

மதில் என்ன சாந்தால் கட்டப்பட்டது என்பது அடுத்த கேள்வி. போர்ட்லண்டு சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் காப்புரிமை பெற்றது 1824-இல். நம் நாட்டில் போர்பந்தரில் சிமெண்டு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1914-இல். ஆகவே அதற்கு முந்தைய கொல்லை மதில்கள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தாலோ, களிமண் சாந்தாலோ கட்டப்பட்டவை. சுண்ணாம்புச் சாந்தின் இயல்பு தனி. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறுகிறது. நீற்றிச் சாந்தாக்கிப் பூசினால், அது காற்றிலுள்ள அதே வாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகிறது. அச்சாந்து செங்கல்லைவிட மென்மையானது. நீராவியை உள்ளும் புறமும் போகவிடுவது. மதில் சிறிது அசைந்தால் சாந்து விட்டுக்கொடுக்கும், செங்கல் உடையாது. மதில் நனைந்தால், ஈரம் இணைப்புகளின் வழியே உலர்ந்துபோகும்.

இதை அறியாமல், பட்டறைக்கு அழகாக இருக்கட்டும் என்று மதிலின் உட்புறத்தில் சிமெண்டுப் பூச்சுப் பூசுவது பெரும் பிழை. செங்கல் நீரை உண்ணும் பொருள். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவிகிதம் வரை நீர் உறிஞ்சலாம் என்று இந்தியத் தரநிலை 1077 இடம் கொடுக்கிறது. மூன்று கிலோச் செங்கல்லில் அரை லிட்டருக்குக் குறையாத நீர் தங்கலாம் என்பது இதன் பொருள். தரையிலிருந்து ஏறும் ஈரமும், உச்சியிலிருந்து இறங்கும் மழையும் சிமெண்டுப் பூச்சின் பின்னே சிறைப்படுகின்றன. உப்பு பூத்து, செங்கல்லின் முகம் பொரிந்து உதிர்கிறது. பூச்சு மட்டும் திடமாக நிற்க, உள்ளே செங்கல் மாவாகும். பார்வைக்கு நன்றாக இருப்பதனால் ஆபத்தும் மறைந்துவிடுகிறது.

மதில் நேராகவும் கடைக்கால் உறுதியாகவும் இருந்து, சாந்து மட்டும் உதிர்ந்திருந்தால் அதைச் செப்பனிடலாம். இணைப்புகளிலிருந்து தளர்ந்த சாந்தை முக்கால் அங்குலம் அல்லது ஓரங்குல ஆழம் சுரண்டி எடுத்து, தூசியைக் கழுவி, சுவரை நனைத்து, ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்ந்த சாந்தைக் கரணையால் அழுத்தி நிரப்ப வேண்டும். மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் செங்கற்பொடி சேர்த்தால் சாந்து விரைவில் இறுகும். நம் பழைய கொத்தனார்கள் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்ததும் உண்டு. பூசிய சாந்து வெயிலில் காய்ந்துவிடாதபடி நனைந்த சாக்கினால் பல நாள் மூடிக்காக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, மதிலின் தலையைச் செப்பனிட வேண்டும். அங்கேதான் மழை நீர் முதலில் உள்ளே இறங்குகிறது.

மதில் நிற்கத் தகுதியற்றது என்று தெரிந்தால் மனம் தளர வேண்டா. உயரத்தைக் குறைப்பதே ஒரு நல்ல மருந்து. 2 மீட்டர் மதிலை ஒன்றரை மீட்டராக்கினால், அது தாங்கும் காற்றழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. முழுவதும் பிரித்துவிட நேர்ந்தாலும் இழப்பு சிறிதே. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லிலிருந்து எளிதில் பெயர்ந்துவிடும். ஆகவே பழைய செங்கற்களில் பெரும்பாலானவை முழுதாகக் கிடைக்கும். அவற்றைப் பட்டறையின் தரைக்கும் முன்சுவருக்கும் பயன்படுத்தலாம்.

ஆனால் பிரிப்பதற்கும் கட்டுவதற்கும் முன்னே, மதில் யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் பத்திரத்தில் கண்ட அளவுக்குள் அடங்கியதா, அண்டை வீட்டாருடையதா, அல்லது இருவருக்கும் பொதுவா? 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் அன்றைய சென்னை மாகாணத்தில் அவ்வாண்டு முதலே நடைமுறைக்கு வந்தது. ஒருவருடைய கட்டடம் மற்றொருவருடைய சுவரின் தாங்குதலை, உரிமையாகக் கருதி, தடையின்றி 20 ஆண்டு அனுபவித்திருந்தால், அது நிலைத்த உரிமையாகிவிடும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. அடுத்த வீட்டுக் கொட்டில் அப்புறத்தில் சாய்ந்திருந்தால், நாம் நினைத்தபடி மதிலைப் பிரிக்க முடியாது. மேலும், 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், எல்லையிலிருந்து எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதற்கு வரம்பு வகுத்திருக்கின்றன. உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்து, அனுமதி பெற்றபின் வேலையைத் தொடங்குவதே முறை. அண்டை வீட்டாரிடம் நேரில் சென்று சொல்லிவிடுவது சட்டத்தைவிட மேலான காப்பு.

இனிக் கட்டும் முறையைக் காண்போம். எல்லையருகே கூரை போட அனுமதி உண்டு என்றே கொள்வோம். பின்புறக் கால்களை மதிலை ஒட்டி நிறுத்தாமல், இரண்டடி உள்ளே தள்ளி நிறுத்துவது சிறந்தது. கூரைச் சட்டங்கள் அக்கால்களின்மேல் அமர்ந்து, அதற்கு அப்பால் மதில் வரையில் நீண்டு நிற்கட்டும். மதிலைத் தொடவேண்டியதில்லை, ஓரங்குலம் விட்டு நின்றால் போதும். இதனால் பெரிய நன்மை ஒன்று உண்டு. கால்களுக்கு வானம் தோண்டும்போது மதிலின் கடைக்கால் குலையாது. மதில் விழுவதற்குப் பெருங்காரணங்களுள் ஒன்று, அதன் அடியை ஒட்டித் தோண்டுவதே. பழைய கடைக்காலின் அடியிலிருந்து 45 பாகைச் சரிவாக ஒரு கோடு இறங்குவதாக மனத்தில் கொண்டு, அக்கோட்டுக்குக் கீழே போகாமல் தோண்ட வேண்டும். ஒரு குழியைத் தோண்டி, கான்கிரீட்டு இட்டு நிரப்பியபின்னரே அடுத்த குழியைத் தொடங்க வேண்டும். எல்லாக் குழிகளையும் ஒரே நாளில் திறந்து வைத்து, இரவில் மழை பெய்துவிட்டால், மறுநாள் காலையில் மதில் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இவ்வேலையைத் தொடங்கவே கூடாது.

கூரை மதில் பக்கம் உயர்ந்தும், நம் முற்றத்தின் பக்கம் தாழ்ந்தும் இருக்க வேண்டும். மழைநீர் நம் நிலத்திலேயே இறங்கி, மதிலின் அடியை விட்டு விலகி ஓட வேண்டும். கூரைக்கும் மதிலுக்கும் இடையில் உள்ள சந்தை மூடுவதற்கு இரண்டு தகரங்கள் வேண்டும். ஒன்றைக் கூரையோடு சேர்த்து மேல்நோக்கி மடிக்க வேண்டும். மற்றதை மதிலின் ஓர் இணைப்பில் அரை அங்குல ஆழம் செருகிச் சுண்ணாம்புச் சாந்தால் பதித்து, முதல் தகரத்தின்மேல் படியும்படி தொங்கவிட வேண்டும். இரண்டையும் ஆணியடித்துப் பிணைக்கலாகாது. கூரை வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். மதிலோ அசையாது நிற்கும். இரண்டும் தம் தம் போக்கில் இருக்கவிட்டால் ஒழுகல் இராது. தகடுகளைக் கொக்கி ஆணிகளால் சட்டத்தோடும், சட்டத்தை இரும்புப் பட்டைகளால் கால்களோடும், கால்களைக் கான்கிரீட்டோடும் பிணைத்தால்தான் காற்று தூக்கும் விசை தரையைச் சென்று சேரும். கல்நார் கலந்த தகடுகளைத் தவிர்த்துவிட வேண்டும்; அதைத் துளையிடும்போது எழும் தூசி நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு.

எந்த மதிலின் அருகே கட்டுவது என்று தேர்ந்தெடுக்க இடம் இருந்தால், மேற்கு மதிலின் உட்புறம் நன்று. மாலை வெயிலை மதில் தடுத்துவிடும். வெளிச்சத்துக்கு வடக்கும் கிழக்கும் திறந்திருக்கலாம். சென்னையில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரையில் மட்டுமே நண்பகற் சூரியன் வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் வடக்கு வெளிச்சம் கண் கூசாமல் சீராக இருக்கும். நுண்ணிய வேலைக்கு அதுவே ஏற்றது. ஆனால் நம் பெருமழையும் வடகிழக்கிலிருந்தே வருகிறது. ஆகையால் அப்பக்கங்களில் மூன்றடி நீளமுள்ள இறவாணம் விடுவது இன்றியமையாதது.

உள்ளே பொருள்களை அமைக்கும்போதும் முன் சொன்ன முறையை மறத்தல் கூடாது. கால்களுக்கும் மதிலுக்கும் இடையேயுள்ள இரண்டடி அகலத்தில் தரையில் நிற்கும் அலமாரிகளை வைக்கலாம்; மதிலில் முளை அடித்துப் பலகை மாட்டலாகாது. அலமாரியின் பின்புறம் நாலு விரற்கடை இடைவெளி இருந்தால் மதில் உலரும், கருவிகளும் துருப்பிடியா. ஆண்டுக்கொருமுறை அலமாரிகளை நகர்த்திப் பெருக்கினால் கறையானும் எலியும் குடியேறா. கடைசல் இயந்திரமும் பட்டைக்கல்லும் தரையில் தமக்கெனத் தனி மேடையில் அமர வேண்டும்; அவற்றின் அதிர்ச்சி மதிலைச் சென்று சேர்ந்தால் பழைய சுண்ணாம்பு சிறிது சிறிதாக உதிரும். வார்ப்பு வேலை செய்வோர் உலையை மதிலின் அருகே வைத்தல் கூடாது. மின்சாரப் பலகையை ஈரமுள்ள மதிலில் பொருத்தாமல் உட்புறக் கால் ஒன்றில் பொருத்தி, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியையும் சேர்த்துவிட வேண்டும். மழைக்காலத்தில் அச்சிறு கருவி காக்கும் உயிர் உங்களுடையதாகவே இருக்கலாம்.

இவ்வளவும் செய்தால் செலவு பெருகாதா என்று கேட்கலாம். பெருகும் செலவைப் பிரித்துப் பாருங்கள். பின்புறத்தில் இரண்டு அல்லது மூன்று கால்கள், அவற்றின் அடியில் சிறிது கான்கிரீட்டு, மேலே ஒரு குறுக்குச் சட்டம். இவையே சாய்ப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. பின்சுவர் கட்டும் செலவு மீதமாவது இம்முறையிலும் மாறவில்லை. நாளை மதிலைச் செப்பனிடவோ பிரிக்கவோ நேர்ந்தாலும் பட்டறை நிற்கும். பட்டறையை நீக்க நேர்ந்தாலும் மதில் நிற்கும். அண்டை வீட்டார்க்கும் வழக்குக்கு இடமில்லை. ஒன்றையொன்று சாராத இரண்டு பொருள்கள் அருகருகே நெடுங்காலம் வாழும்.

முன்னரே மதிலில் சாய்ப்பு இறக்கி அதன் கீழ் வேலை செய்துவருவோர் பலர் இருப்பார்கள். அவர்கள் அதை இடிக்க வேண்டியதில்லை. மதிலை ஒட்டிய கைமரங்களின் கீழே ஒரு சட்டத்தைக் கொடுத்து, அதைத் தாங்க உள்ளே தள்ளி மூன்று கால்களை நிறுத்தி, அதன்பின் மதிலிலிருந்து கைமரத் தலைகளை ஒவ்வொன்றாக விடுவித்து, துளைகளைச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் அடைத்துவிடலாம். தேர்ந்த கொத்தனாரும் தச்சரும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் முடியும் வேலை அது. ஐப்பசி மழை தொடங்குமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குச் சென்று, மதில் எவ்வாறு நிற்கிறது என்று ஒருமுறை அளந்து பாருங்கள்.